வயலின் துணையுடன்

பெப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் சிவசாமி வேலையை விடுவதாக எழுதி, அதை வில்மட் துரையின் மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். துரை படித்தார். வாயிலிருந்து பைப்பை எடுத்தார்.

"என் மனைவிக்கு இது தெரியுமா?"

தோட்டத்துக் கிளாக்கர் வேலையை விட்டுப் போவது துரைசாணிக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். சிவசாமி கேட்கவில்லை. "இல்லை சார்" என்றான்.

துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனியில் கருகிய தேயிலைக் கொழுந்து சரிவு முழுக்கச் செம்பட்டையாகக் கிடந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில், கிளப்பில், அவளுடைய கச்சேரி. அது நல்லபடியாக நடக்கட்டும். திங்கட்கிழமை காலையில் உன் கடிதத்தைத் தருகிறேன்."

"தாங்க் யூ சார்."

"நல்லபடியாக" என்றார் துரை மறுபடியும்.

கடிதம் என்றால் நற்சான்று. துரையின் கையெழுத்து உள்ள நற்சான்று இல்லாமல் ஒரு கிளாக்கர் தோட்டத்தை விட்டு இறங்கினால், எதையோ செய்துவிட்டு ஓடி வருகிறான் என்றுதான் மலைநாட்டில் எடுத்துக்கொள்வார்கள். கொழும்பு புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த இக்ராம் முதலாளியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. மார்ச் முதலாம் தேதி வந்து உட்கார வேண்டும். துரையின் கடிதத்தோடு. பிந்தினால் வேறு ஆள்.

சிவசாமிக்கு இருபத்தெட்டு வயது. அவன் மனைவி நாகலெட்சுமி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்துநாலாம் ஆண்டு ஓகஸ்ட் மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. சளிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் தோட்டத்து டிஸ்பென்சர். சரி என்றான். சாயங்காலம் ஆறு மணிக்குத் துரையிடம் போய் லொறி கேட்டான். பாதை வழுக்கும், காலையில் பார்க்கலாம் என்றார் துரை. சரி என்றான். காலையில் லொறி வந்தது. அதற்கு வேலை இருக்கவில்லை.

அவன் அழவில்லை என்று தொழிலாளர் லயங்களில் பேசிக்கொண்டார்கள். அழக்கூடாது என்று அவன் பிடிவாதமாக இருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். காலையில் எழும்பினான். பெரட்டுக்குப் போய் ஆட்களின் பேரைக் கூப்பிட்டான். ஆபீசில் உட்கார்ந்தான். சாயங்காலம் குவாட்டர்ஸுக்குத் திரும்பினான். அதில் இரண்டு அறை. ஒன்றை அவன் திறப்பதில்லை. அந்த வீட்டை விட்டுப் போனால் நல்லது ஏதாவது நடக்கும் என்று அவன் எண்ணவில்லை. அங்கேயே இருந்தால் இனி எதுவுமே நடக்காது என்று மட்டும் தெரிந்தது.

வயலினை அவன் விற்கத்தான் கொடுத்தான்.

தலவாக்கலையில் மஃறூப்புக்குச் சாய்ப்புச் சாமான் கடை, துணியிலிருந்து குடைவரை விற்கும் கடை. கண்டிக் கல்லூரியில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இக்ராம் முதலாளி மஃறூப்பின் மூத்த சகோதரர். நாகலெட்சுமி போய் மூன்று மாதம் கழித்துச் சிவசாமி வயலினைக் கொண்டுபோய் மஃறூப்பிடம் வைத்தான். மஃறூப் அதைக் கடை முகப்பில், குடைகளுக்கும் அரிக்கன் லாம்புகளுக்கும் நடுவில் தொங்கவிட்டான். நாலாம் நாள் ரிப்பன் வாங்க வந்த துரைசாணியின் கண்ணில் பட்டது. யாருடையது என்று கேட்டாள். உங்கள் தோட்டத்துக் கிளாக்கருடையதுதான் என்றான் மஃறூப், நல்ல வியாபாரம் வருகிறது என்று நினைத்து.

துரைசாணி வயலினை வாங்கவில்லை. வாசிக்கிற ஆளோடு அதைப் பங்களாவுக்கு அனுப்பச் சொன்னாள்.

"நீ வயலின விக்கச் சொன்னே மச்சான்," என்று மஃறூப் பிறகு சொல்லிச் சிரித்தான். "நான் ஒன்னையே வித்திட்டேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை துரைசாணி அவனை நிற்கச் சொன்னாள். நின்று வாசிக்க அவனுக்குத் தெரியாது. கல்லூரியின் கிறிஸ்தவக் கோயில் பாட்டுக்குழுவில் ஐந்து கோட்டுச் சுரம் படிக்கப் பழகியிருந்தான். ஆனால் கை பழகியது அதற்கு முன்பு, சிறுவயதில், திருச்சியில், மாமா வீட்டில். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வயலினின் தலையை வலது காலில் வைத்தான். துரைசாணி பியானோ ஸ்டூலிலிருந்து குனிந்து பார்த்தாள்.

"அப்படியேவா?"

"ஆமாம் மேடம்."

புத்தகத்தை அவனுக்கு எதிரே கால் வைக்கும் முக்காலியில் சாய்த்து வைத்தார்கள். ஐரோப்பாவில் நூற்றெழுபது வருடங்களுக்கு முன் எழுதிய ஆறு சொனாட்டாக்கள். முதல் பக்கத்தில் இங்கிலீஷில் இப்படி இருந்தது: பியானோவுக்கான சொனாட்டாக்கள், வயலின் துணையுடன்.

"அந்தக் காலத்தில் இதையெல்லாம் பியானோவுக்கென்றுதான் எழுதினார்கள்," என்றாள் துரைசாணி. "வயலின் இல்லாமலும் வாசிக்கலாம். நான் ஏழு வருடமாக அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் அது வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி."

சிவசாமிக்கு அது உடனே விளங்கியது. வெள்ளைக்காரர் சங்கீதத்தில் அவனுக்கு முதலில் விளங்கிய விஷயம் அதுதான். பக்கவாத்தியம்.

திருச்சியில் ஐந்து வருடம் அவன் மாமாவுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவன். மாமா கல்யாண வீடுகளில் பாடுவார். நல்ல சாரீரம். சில நாள் தாளம் மட்டும் நழுவும். அப்போது வயலினும் கூடவே நழுவ வேண்டும். மிருதங்கக்காரர் கண்ணைக் காட்டிவிட்டு அவரும் நழுவுவார். மூன்றும் சேர்ந்து நழுவினால் அது தப்பே இல்லை, சபைக்குத் தெரியாது. பாடுகிறவரைக் காட்டிக்கொடுக்கிற வயலின்காரனை இரண்டாம் தரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள்.

துரைசாணி எப்போதும் நன்றாகத் தொடங்குவாள். வேகம் வருகிற இடத்தில் இடது கை பின்தங்கும். அரை எண்ணிக்கையை விழுங்குவாள். சில நாள் ஒரு வரியையே தாண்டிவிடுவாள். சிவசாமி கூடவே தாண்டினான். அவள் தயங்கினால் தன் சுரத்தை நீட்டிப் பிடித்தான். அவள் புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தொட்டுவிட்டால், அதற்குப் பொருந்துகிற இன்னொன்றைத் தொட்டு, அது எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி ஆக்கினான். இதை அவன் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

"நான் எங்கேயாவது தவறினேனா?" என்பாள் முடிவில்.

"இல்லை மேடம்."

"நீ மட்டும் விரலை வழுக்குகிறாய். வழுக்காதே. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்க வேண்டும்."

"சரி மேடம்."

ஒருநாள் சொன்னாள்: நுவரெலியாவில் ஒரு பாதிரியாரின் மனைவி வயலின் வாசிப்பாளாம். மூன்று முறை வந்தாளாம். பிறகு வரவில்லையாம். "அவளோடு வாசித்தால் நாலு அடிக்கு ஒருதரம் நிற்க வேண்டி வரும். என்னை நிறுத்திக்கொண்டே இருப்பாள். உன்னோடுதான் நான் வாசிக்கவே செய்கிறேன்."

பனிக்காலத்தில் அந்தப் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு மின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஈரம் ஏறாமல் இருக்க. அந்தப் பங்களாவில் வேறு எதற்கும் அவ்வளவு கவனிப்பு இருக்கவில்லை. துரை மலைக்குப் போவார், ஃபாக்டரிக்குப் போவார், கிளப்புக்குப் போவார். துரைசாணி ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பாள். பிள்ளை இல்லை. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் முகத்தில் நிறம் வரும்.

அப்படி அறுபதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்த வாரத்தில் மருந்தும் பிஸ்கட்டும் வந்தன, நாலரைக்கு வந்தால் போதும் என்ற செய்தியோடு. கொண்டுவந்தவன் சோலைமலை, பங்களாச் சமையல்காரன். அவனை எல்லோரும் அப்பு என்பார்கள்.

"கிளாக்கரய்யா, தொரசாணி கூப்புடுறாங்க. கால்ல மாட்டுற சாமானையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க."

"கால்ல மாட்டுறதில்ல அப்பு. வைக்கிறது."

"எனக்கென்னங்க தெரியும். ஒரு நாளைக்கி அந்தம்மா மிதிச்சிறப் போவுதேன்னுதான் எனக்குப் பயம்."

வாசித்து முடிந்ததும் சிவசாமி பின்பக்கமாகத்தான் வெளியே வருவான். சோலைமலை அடுப்படியில் நிறுத்தி வைத்துத் தேத்தண்ணி தருவான்.

"எனக்குக் கேக்குறப்ப, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தொரத்திக்கிட்டு ஓடுற மாதிரி இருக்குங்க. யாரு யாரத் தொரத்துறது?"

"அவங்க ஓடுறாங்க. நான் பின்னாடி போறேன்."

"அவங்க போயி தண்ணிக் கானுக்குள்ள விழுந்தா?"

"நானும் விழணும்."

"நல்ல பொழப்புங்க," என்றான் சோலைமலை.

கச்சேரிக்கு முதல்நாள், சனிக்கிழமை, சிவசாமி தலவாக்கலைக்குப் போனான். மஃறூப் கடையில் துணி அளந்துகொண்டிருந்தான். அளவுகோலை வைக்காமலே பேசினான்.

"சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"ஒரு பெட்டிதான்."

"இக்ராம் நானா ரெண்டு தரம் டெலிபோன் பண்ணிட்டாரு. ஒன்ட கூட்டாளி வாரானா, இல்ல துரைசாணிட மடியில இருக்கிறானாண்டு கேக்கிறாரு."

"மடியில இல்லை. தரையில."

மஃறூப் சிரித்தான். சிரித்துவிட்டு, துணி வாங்க வந்த பெண்ணுக்கு அரை முழம் கூடக் கிழித்துவிட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"கேளு. நானும் திங்கக்கிழமை பகல் ரயிலுக்குப் போறேன். கையோட கூட்டிக்கிட்டுப் போயி நானாவுக்கு முன்னால நிப்பாட்டுறேன். புதன்கிழமை அவர் பம்பாய்க்குக் கப்பல் ஏறுறாரு. அதுக்கு முந்தி ஒன்னையும் பாக்கணும், காயிதத்தையும் பாக்கணும். காயிதம் எங்க?"

"திங்கக்கிழமை காலையில தர்றதாச் சொன்னாரு."

"துரை சொன்ன திங்கக்கிழமை எந்தத் திங்கக்கிழமை மச்சான்? அதைக் கேட்டியா?"

மஃறூப் துணியை மடித்து வைத்தான்.

"ஒரு வேல செய். நாளைக்குக் கச்சேரியை நல்லாக் கெடுத்து விடு. வெக்கத்துல அவங்களே ஒன்னைத் துரத்திருவாங்க."

"கெட்டுப் போனா கடிதம் இல்லை. நல்லபடியா நடக்கணும்னு சொன்னாரு."

"சரி. நல்லபடியா நடந்தா, நல்லா வாசிக்கிற ஒருத்தன எந்தப் பொம்பளை விடுவா?"

 திங்கட்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் தோட்டத்துச் சந்தியிலிருந்து ஏறிவிடுவதாக மட்டும் சிவசாமி சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிளப். அவனைச் சமையல்கட்டு வழியாக உள்ளே விட்டார்கள். முன்வாசலால் வர அவனைப் போன்றவர்களுக்கு வழக்கம் இல்லை. பியானோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவும் வழக்கம் இல்லை. ஆனால் துரைசாணி கேட்டுக்கொண்டதால் ஒரு சிறு விரிப்புப் போட்டிருந்தார்கள். முப்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களின் துரைமாரும் அவர்களுடைய மனைவிமாரும். நாற்காலிகளில் அச்சடித்த தாள் இருந்தது. துரைசாணியின் பெயர். அதன் கீழ், வயலின் துணையுடன். வேறு பெயர் இல்லை. சிவசாமிக்கு அது குறையாகப் படவில்லை. திருச்சியிலும் நோட்டீஸில் மாமா பெயர்தான் இருக்கும்.

முதல் பகுதி நன்றாகப் போனது. அவள் இரண்டு இடத்தில் விழுங்கினாள், அவன் விழுங்கினான். இரண்டாம் பகுதி மெதுவானது. ஒரு நடனத்தின் நடை. ஆனால் ஆடுகிறவர்களுக்குக் களைத்துவிட்ட மாதிரியான நடை. வில்மட் துரை பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டினார். அவருக்குச் சுரம் தெரியாது. மனைவி தலையசைத்தால் புரட்ட வேண்டும். மூன்றாவது தலையசைப்பில் அவர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார்.

துரைசாணி கண்ணில் பட்டதை வாசித்தாள். இரண்டு அடி போனபிறகுதான் தெரிந்தது, அது வேறு இடம் என்று. அவள் கைகள் நின்றன. நின்றன என்றால், விரல்கள் பியானோக் கட்டைகள்மேல் அழுந்தியபடி அசையாமல் இருந்தன.

சிவசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. பியானோவில் கடைசியாகக் கேட்ட சுரத்தை எடுத்து நீட்டினான். வில்லை மெதுவாக இழுத்து, அது ஒரு பெருமூச்சு மாதிரி ஆகிற வரைக்கும் நீட்டினான். அதிலிருந்து படி இறங்குகிற மாதிரி நாலு சுரம் இறங்கி, அவள் வந்து விழுந்த இடத்தின் வாசலில் போய் நின்றான். நின்று, அதே நாலையும் இன்னொரு தரம் சொன்னான். வா என்று. அவள் இடது கை அதைப் பிடித்தது. வலது கை சேர்ந்தது. இருவரும் அங்கிருந்து போனார்கள். விட்டுப்போன இரண்டு பக்கம் விட்டுப் போனதாகவே இருந்தது.

முடிந்தபோது யாரும் உடனே கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். பிறகு தட்டினார்கள், எழும்பி நின்று.

கிளப் சமையல்கட்டில், உதவிக்கு வந்திருந்த சோலைமலை சாண்ட்விச் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். துரைசாணி அங்கேயே வந்துவிட்டாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"பார்த்தாயா? அவர் பக்கத்தைத் தாண்டிவிட்டார். நான் எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா? ஒருவருக்கும் தெரியவில்லை!"

"ஆமாம் மேடம்."

"ஏப்ரல் சீசனுக்கு மறுபடி வாசிக்கச் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஆறு சொனாட்டாவையும்!"

அவள் போனபின் சோலைமலை ஒரு சாண்ட்விச்சை அவனிடம் நீட்டினான். "என்னங்க ஒரு மாதிரி நிக்கிறீங்க? நல்லா நடந்திருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"நல்லா நடந்திருச்சு" என்றான் சிவசாமி. சாண்ட்விச்சை வாங்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவன் ஆபீசில் துரையின் முன் நின்றான்.

"பிரமாதம்," என்றார் துரை. "உன் கடிதத்தைச் சனிக்கிழமையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொன்ன சொல் தவறவில்லை. மனைவியிடம் இருக்கிறது. சங்கீதத்தைப் பற்றி அவளும் ஒரு வரி எழுத வேண்டுமாம். பங்களாவுக்குப் போய் வாங்கிக்கொள்." எரிந்துகொண்டிருந்த பைப்பை மறுபடி பற்றவைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவசாமி குவாட்டர்ஸுக்குப் போய்ப் பெட்டியையும் வயலினையும் எடுத்தான். பெட்டியைப் பங்களாக் கேற்றடியில் வைத்துவிட்டு மேலே ஏறினான். கூடத்து மணிக்கூடு ஒன்பதரை காட்டியது.

கடித உறை பியானோவின்மேல் இருந்தது. துரைசாணி உறைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏப்ரல் முடியட்டும்," என்றாள். "ஏப்ரல் மட்டும்தான்."

"நான் முதலாம் தேதி கொழும்பில் இருக்க வேண்டும் மேடம்."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆமாம், இல்லை, சரி என்ற மூன்றையும் தவிர வேறொன்று அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

"அந்த வேலை போனால் இன்னொரு வேலை வரும். என் கணவரைச் சொல்லச் சொல்கிறேன், ராகலைப் பக்கம் எங்காவது பெரிய கிளாக்கர் வேலையே வரும். எனக்கு இன்னொரு வயலின் வராது, சிவசாமி. நேற்று பார்த்தாய் அல்லவா? இப்போதுதான் எனக்கு வாசிக்க வருகிறது. இப்போது போனால் எப்படி?"

அவள் கெடுதி நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். ஏப்ரலுக்குப் பிறகு ஓகஸ்ட் வரும். ஓகஸ்டுக்குப் பிறகு கிறிஸ்துமஸ். அவனுடைய கை வாசிக்க வாசிக்க அவளுக்கு இன்னும் நன்றாக வரும். பங்களாவிலிருந்து குவாட்டர்ஸுக்கு, குவாட்டர்ஸிலிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு. இந்தக் கதவைப் பூட்டியது துரையும் இல்லை, துரைசாணியும் இல்லை. அறுபது ஞாயிற்றுக்கிழமையாக அவனே உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அதைத் திறக்க ஒரு வழி இருந்தது. அது திருச்சியில் யாரும் செய்யாத வழி.

"ஒருதரம் வாசிக்கலாமா மேடம்?" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. அவன் தங்கிவிட்டான் என்று நினைத்தாள். அவன் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தான். நேற்று வாசித்த சொனாட்டாவின் முதல் பகுதியை எடுத்தார்கள்.

கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் ஏழு கட்டம் சேர்ந்து போனார்கள். எட்டாவதில் அவள் இடது கை பின்தங்கியது. சிவசாமி தங்கவில்லை. புத்தகத்தில் இருந்ததை, இருந்த வேகத்தில் வாசித்தான். பியானோவும் வயலினும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவள் நிறுத்தினாள்.

"மறுபடி."

மறுபடி வாசித்தார்கள். எட்டாவது கட்டம். அவன் கை இழுத்தது, கொஞ்சம் நில், நீட்டிப் பிடி என்று. அவன் விடவில்லை. இடித்தது.

"மறுபடி."

மூன்றாம் தரமும் அதே இடம். நாலாம் தரம் அவள் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்தாள். அவன் கூடக் குதிக்கவில்லை. அவள் எங்கோ முன்னால் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள், அவன் பின்னால் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தான். அவள் கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"உனக்கு இன்றைக்கு என்ன? நீ என்னை நிறுத்துகிறாய்."

"புத்தகத்தில் இருப்பதைத்தான் வாசிக்கிறேன் மேடம்."

"நேற்று?"

"நேற்று நீங்கள் வாசித்ததை வாசித்தேன்."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். விளங்குகிற நேரத்தை அவன் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் தெரிந்தது, அவள் மூச்சு விட்டதில்.

"நேற்று மட்டுமா?"

இங்கே அவன் இன்னும் பொய் சொல்லியிருக்கலாம். நேற்று மட்டும்தான் என்றால் கொஞ்சம் குறைவாக நோகும்.

"இல்லை மேடம். எல்லா ஞாயிற்றுக்கிழமையும்."

அவள் கழுத்தெல்லாம் சிவந்தது. நேற்றைக்குச் சிவந்த மாதிரி அல்ல. முழங்கையைக் கட்டைகள்மேல் வைக்கப் போய், சத்தம் வரும் என்று எடுத்துக்கொண்டாள்.

சிவசாமிக்கு வலித்தது. ஒன்றரை வருடத்தில் இதுதான் முதல் தடவை. நாகலெட்சுமிக்காக வராத வலி, இந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்காக வருகிறதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, அது யாருக்காக வருகிறது என்று அவனுக்கே நிச்சயமில்லாமல் போனது. அன்றைக்கு ஆறு மணிக்கு லொறி கேட்கப் போனபோது, 'இப்பவே வேணும் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரை சொன்னதையே அவனும் வாசித்தான்.

 துரைசாணி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தாள்.

"முதலில் தவறுகிற இடம் எது?"

அவன் எழுந்து வந்து, அவள் புத்தகத்தில் எட்டாவது கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அவள் அதைச் சுற்றி வட்டம் போட்டாள். அடுத்தது எது என்று கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். கேட்கவில்லை.

"நான் எழுத நினைத்திருந்த வரியை இனி எழுத முடியாது," என்றாள். "அவர் எழுதியது உள்ளே இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ."

அவன் வயலினையும் உறையையும் எடுத்தான். 'தாங்க் யூ' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

பின்வாசலில் சோலைமலை பீட்ரூட் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே பியானோ கேட்கத் தொடங்கியிருந்தது. ஏழு கட்டம் வந்தது, எட்டாவதில் முட்டியது. மறுபடி முதலிலிருந்து வந்தது.

"என்னங்க இது, மாடு ஏத்தத்துல நிக்கிற மாதிரி அங்கனயே நிக்குது?"

"பழகுறாங்க."

"இத்தன நாளா பழகாமயா வாசிச்சாங்க?" சோலைமலை நிமிர்ந்தான். சிவசாமியின் கையில் இருந்த உறையைப் பார்த்தான். அவன் முகத்தையும் பார்த்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க கிளாக்கரய்யா," என்றான். "எங்கயாச்சும் ஒரு எடத்துல நின்னு வாசிக்கப் பழகுங்க."

கேற்றடிக்கு வந்தபோது கீழே சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. வயலின் இடது கையில், கடிதம் சட்டைப் பைக்குள் இருந்தது. பெட்டி காலடியில் இருந்தது. சிவசாமி நின்றான். மேலே பங்களா ஜன்னல் திறந்திருந்தது போலும். சத்தம் தெளிவாக வந்தது. முன்பைவிட மெதுவாக வாசித்தாள். ஆறு, ஏழு. எட்டாவதில் இடது கை பின்தங்கியது. நிறுத்தினாள். அவன் வலது கை விரல்கள் தாமாகவே மடங்கின, வில்லைப் பிடிக்கிற மாதிரி. எட்டாவதைத் தாண்டிவிட்டாள் என்று கேட்டுவிட்டால் போகலாம் போலிருந்தது. தாண்டுகிறவளை விட்டுப் போகலாம். முட்டிக்கொண்டு நிற்கிறவளை நடுவில் விட்டுவிட்டு அவன் ஒருநாளும் எழுந்து போனதில்லை.

பஸ் இரண்டாம் தரம் ஹோர்ன் அடித்தது, நீளமாக.

அவள் முதலிலிருந்து எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் தலை எண்ணியது. ஐந்தாவது கட்டத்தில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தான்.